காக்கியைக் கழற்றிய பிறகு

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு போலீஸ் அதிகாரியை நினைவுகூர நம் சங்கத்தில் கூட்டமா என்று சிலர் கேட்டார்கள். கேட்கத்தான் செய்வார்கள். பிழைக்க வந்த ஊரில் போலீஸ் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது நடைபாதைக் கடையைத் தட்டும் லத்திதானே! ஆனாலும் 2003ஆம் ஆண்டில் மறைந்த கே. எஃப். ருஸ்தம்ஜி அவர்களைப் பற்றி நாம் பேசியே ஆகவேண்டும். காரணம் இருக்கிறது.

அவருடைய பதவிகளை விரைவாகவே சொல்லிவிடுவோம். 1916இல் நாகபுரிக்குப் பக்கத்துக் காம்ப்டியில் பிறந்த பார்ஸி. 1938இல் வெள்ளையர் ஆட்சியிலேயே போலீசில் சேர்ந்தவர். 1952 முதல் ஆறு ஆண்டுகள் பிரதமர் நேருவின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர். பிறகு மத்தியப் பிரதேசப் போலீசின் தலைவர். 1965இல் எல்லைப் பாதுகாப்புப் படை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர். 1991இல் பத்மவிபூஷண். பத்திரிகைகள் இவற்றைத்தான் எழுதின.

அவர் இளகிய மனிதர் என்று சொல்லவும் நாம் வரவில்லை. 1960இல் வினோபா பாவே சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளைக்காரர்களைச் சரணடைய வைத்தபோது, அதை வெளிப்படையாகவே குறை சொன்னவர் இவர். போலீசுக்காரரின் மனம் போலீசுக்காரரின் மனம்தான்!

இப்படிப்பட்டவர்தான், ஓய்வு பெற்றபின் 1977இல் அமைக்கப்பட்ட தேசியப் போலீஸ் கமிஷனில் உறுப்பினரானார். அந்தக் கமிஷனின் வேலையில் இருந்த காலத்தில் பீகார்ச் சிறைகளின் நிலை அவர் கண்ணில் பட்டது. தண்டனை பெற்றவர்கள் அல்ல, விசாரணையே தொடங்காதவர்கள் ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு, பத்து ஆண்டு என்று அடைபட்டுக் கிடந்தார்கள். குற்றம் நிரூபணமாகியிருந்தாலும் அவ்வளவு காலம் தண்டனை கிடையாது என்ற நிலையில் பலர். குற்றமே செய்யாத பெண்கள், சாட்சி சொல்ல வேண்டியவர்கள் என்பதற்காக, 'பாதுகாப்பு' என்ற பெயரில் சிறையில்! ருஸ்தம்ஜி இதைக் கமிஷனின் கோப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. இந்தியன் எக்ஸ்பிரஸ் ஏட்டில் எழுதினார். 1979 ஜனவரி 8, 9 தேதிகளில் செய்தி வெளிவந்தது. அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி அம்மையார் அதையே ஆதாரமாக வைத்து உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். ஏழைக்கு இலவச வழக்கறிஞர் வேண்டும் என்பதும் அந்த வழக்கில் உறுதியானது. நாடெங்கும் சுமார் 40,000 பேர் இதனால் வெளியே வந்ததாகச் சொல்கிறார்கள்.

காக்கி அணிந்திருந்த அத்தனை ஆண்டுகளில் இது அவர் கண்ணில் படவில்லையா என்று கேட்கலாம். நாமும் கேட்கிறோம். ஆனால் பார்த்தபின் வாய்மூடி பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும் அதிகாரிகள் எத்தனை பேர்?

இனி நம் விஷயத்துக்கு வருவோம். அந்தக் கைதிகளில் பலர் செய்த ஒரே குற்றம், ஜாமீன் நிற்க ஆளில்லாமல் போனது. இது பீகாரோடு போகிற கதையா? 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு வந்தது. 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பி உறவுள்ளவர் முன்வந்தும், சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் கொத்தனாரை 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பில் அவர் நம்மையும் நினைத்தார். ஒரு தமிழனோ மலையாளியோ வடக்கே எங்கோ கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்று கேட்டார். திருநெல்வேலியில் நிலம் இருந்து என்ன? இந்த ஊர்க் கோர்ட்டில் அது செல்லுமா? கடைசியில் கோர்ட்டு வாசலில் நிற்கும் ஜாமீன் தரகரிடம்தான் தாலியை அடகு வைத்துக் காசு கொடுக்கிறோம்.

சட்டம் மாறாமலில்லை. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன் தர முடியாதவரை ஏழை என்று கருதிச் சொந்தப் பிணையில் விடவேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்திருந்தால் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. அதற்குமேல் வழக்குகள் இருந்தாலும் சிக்கல்தான். இவ்வளவும் இருந்தும், 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர்!

ஆகவே தோழர்களே, இன்று ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். இந்த ஊரில் சொந்த வீடோ கடையோ உள்ள உறுப்பினர்கள், நம்மவர் ஒருவர் சிறு வழக்கில் சிக்கினால் ஜாமீன் நிற்கச் சம்மதமானால், வாசலருகே உள்ள நோட்டில் பெயர் எழுதுங்கள். பத்திரத்தின் நகலை அடுத்த ஞாயிறு கொண்டுவந்தால் போதும். உள்ளே இருக்கும் உறவினர் பற்றித் தகவல் வைத்திருப்பவர்கள் கைதான தேதியையும் வழக்குப் பிரிவையும் மட்டும் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நாட்களை எண்ணி மனு எழுத நம் இளைஞர்கள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.