பேசாத பிள்ளையும் பக்கத்துப் பள்ளியும்

(ஜூபிலி விழாவை ஒட்டிக் கூடிய பெற்றோர் கூட்டத்தில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



விழாக் காலத்தில் மகிழ்ச்சியான பொருளைப் பேசுவதே வழக்கம். ஆயினும், இந்தக் கூட்டத்துக்கு அழைத்து வரப்படாத சில பிள்ளைகளைப் பற்றிப் பேச நாங்கள் அனுமதி கேட்டோம். ஐந்து வயதாகியும் பேச்சு வராத பிள்ளைகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளைகள். ஒரு கிளிஞ்சலையே மணிக்கணக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்.

இவர்களில் பலருக்கு இருப்பது ஆட்டிசம். அரசுக் காகிதங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் எங்களுக்குப் பிடிக்கவில்லை. புற உலகம் அவர்களை எட்டாமலா இருக்கிறது? நாம் கவனிக்காத மின்விசிறியின் இரைச்சல்கூட அவர்களில் சிலருக்குக் காதைக் குடைகிறது. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைக் கவனித்து இதைப் பற்றி எழுதினார். அதன்பின் சில காலம், தாயின் அன்புக் குறைவே காரணம் என்று படித்தவர்களே பழி சொன்னார்கள். அது தவறென்று எப்போதோ தெளிவாகிவிட்டது. மூளையின் வளர்ச்சியில் உள்ள வேறுபாடு இது. சாபமுமல்ல, காற்றுக் கருப்புமல்ல. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் என்ன மறுமொழி சொன்னார் என்பதை நாம் அறிவோம். நேர்ச்சை வைப்பவர்கள் வைக்கட்டும், மருத்துவரிடமும் காட்டட்டும்.

"பேசாதவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, டீச்சர்?" என்று கேட்கிறீர்கள். எஞ்சின் சத்தத்தில் படகுக்குப் படகு நீங்கள் எதைக் கொண்டு பேசிக்கொள்கிறீர்கள்? கைச்சாடை கொண்டுதானே! அப்போது யாரையும் விவரம் தெரியாதவர் என்று சொல்வதில்லை. பேச்சு வேறு, விளக்கம் வேறு. வயிறு வலிக்கிறது என்று சொல்ல வழியில்லாத பிள்ளை தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறது. நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம், அடிக்கவும் செய்கிறோம். தண்ணீர், கழிப்பறை, வலி, போதும் என்ற நான்கு படங்களை அட்டையில் வரைந்து கையில் கொடுத்துப் பொறுமையாகப் பழக்கினால், அந்தக் கடியில் பாதி குறையும். படத்தைக் காட்டிப் பழகினால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்குப் பேச்சு கூடுவதும் உண்டு. சென்னையில் அஜித் நாராயணன் என்ற பொறியாளர், வித்யாசாகர் நிறுவனத்தின் துணையோடு 'ஆவாஸ்' என்றொரு கருவியை 2010ஐ ஒட்டிச் செய்து கொடுத்தார். பிள்ளை படத்தைத் தொட்டால் அது பேசும். நமக்கு இப்போதைக்கு அட்டையும் பென்சிலும் போதும்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததும் இவர்களைக் கலக்குகிறது. ஏரியில் இன்று யாருக்கு எந்த இடம் என்பதைப் பாடு முறை முன்னதாகவே தீர்த்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் தினமும் சச்சரவுதான். இந்தப் பிள்ளைகளுக்கும் அப்படியொரு முறை வேண்டும். பாடம், மணி, சோறு, விளையாட்டு, வீடு என்று அன்றைய நாளைச் சுவரில் வரிசையாகப் படம் ஒட்டிக் காட்டலாம். மணியோசை தாங்காதவனைச் சற்று முன்னதாகவே வெளியே அழைத்துச் செல்லலாம். சாம்பார் ஊற்றாத வெறுஞ்சோறுதான் வேண்டுமென்றால் அதைக் கொடுத்துவிட்டுப் போவோமே!

சிறப்பாசிரியர் வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்கும் போக வேண்டியவர். மற்ற நாட்களில் பொறுப்பு எங்களுடையது. அதிலிருந்து நழுவ எங்களுக்குச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் இருக்கிறது. அரசு நடத்தும் பள்ளியோ, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியோ, ஊனத்தைக் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசு மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டுங்கள்; ஒளித்து வைக்காதீர்கள். முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. தொலைவுதான், ஒரு நாள் கூலி போகும்தான். ஆனாலும் ஒருமுறை போய் வாருங்கள்.

இனிச் சொல்லப்போவது எங்களைத் தூங்கவிடாத செய்தி. இந்தப் பிள்ளைகளில் பலர் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள்; தண்ணீர் என்றால் ஓடிப்போய் இறங்குவார்கள். ஆட்டிசம் உள்ள சிறுவர்கள் நீரில் மூழ்கி இறப்பது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று அமெரிக்காவில் 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நமக்கோ ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் முகத்துவாரம். "அதனால்தான் பூட்டி வைக்கிறோம்" என்பீர்கள். ஆனால் பூட்டி வைத்த பிள்ளையை ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியாதே! கதவு ஒருநாள் திறந்து கிடந்தால், கரையில் தனியே நிற்பவனைப் பார்ப்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளையோ என்று போய்விடுவார்கள். பள்ளிக்கு வரும் பிள்ளையை நாற்பது பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்கள் வழியாய் நாற்பது வீட்டுக்குத் தெரியும். லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் வலை உலர்த்துபவரும் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். பள்ளி வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீச்சல் கற்றுக்கொடுக்கும் வேலையை அண்ணன்மார், மாமன்மார் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதில் எங்களைவிட நீங்களே வாத்தியார்கள்.

அட்டைக்குப் படம் வரைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடையில் அச்சிட்டு விற்கும் அட்டைகளில் ஆப்பிள் இருக்கிறது, ரயில் இருக்கிறது. இறாலும் நண்டும் தோணியும் அம்மாவின் மீன்கூடையும் இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் படம் முதலில் வேண்டும் என்று, போகும்போது தாழ்வாரத்தில் இருக்கும் டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.