பூட்டோடு திருடுகிறவர்கள்

பூட்டிய பெட்டியை ஒருவன் திருடுகிறான். சாவி இல்லை. ஆனாலும் பத்திரமாக வைத்திருக்கிறான், என்றைக்காவது சாவி கிடைக்கும் என்று. இணையத்தில் போய்வரும் நம் ரகசியங்களுக்கும் இன்று இதே ஆபத்துதான்.

அவற்றைக் காக்கும் குறியாக்கப் பூட்டுகளில் பல, ஒரு கணக்கை நம்பியிருக்கின்றன. இரண்டு பகா எண்களைப் பெருக்குவது சுலபம். விடையிலிருந்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது கஷ்டம். 15 என்றால் மூன்றும் ஐந்தும் என்று குழந்தையே சொல்லிவிடும். 600 இலக்கமுள்ள எண் என்றால் சூப்பர் கம்ப்யூட்டரும் திணறும். ஆனால் ஆற்றல்மிக்க குவாண்டம் கணினி அதை விரைவாகப் போட்டுவிடும் என்று 1994-இல் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் காட்டினார்.

அப்படிப்பட்ட கணினி இன்னும் வரவில்லை. ஆனால் அது வரும்வரை பூட்டை மாற்றாமல் காத்திருக்க முடியுமா? இன்று பூட்டோடு திருடியதை அன்று திறந்துவிடுவார்களே. ஒருவரின் மருத்துவக் குறிப்பு இருபது ஆண்டு கழித்தும் ரகசியமாகத்தானே இருக்க வேண்டும்!

அதனால் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினியையும் தாங்கக்கூடிய புதிய பூட்டுகளுக்கான மூன்று தரங்களை வெளியிட்டது. இந்தியா தன் பங்குக்கு, குவாண்டம் ஆய்வை வளர்க்க 2023-இல், சுமார் 6,000 கோடி ரூபாயில், தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் தகவல்தொடர்புக்கான மையம் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது.

என் கவலை பெரிய வங்கிகளைப் பற்றி அல்ல. அவர்களிடம் ஆள் உண்டு, பணம் உண்டு. சின்ன ஊர்க் கூட்டுறவு வங்கியிலும் அரசு மருத்துவமனையிலும் உள்ள பழைய கணினிகளின் பூட்டை யார் மாற்றுவார்கள்? எந்தக் கணினியில் எந்தப் பூட்டு இருக்கிறது என்று கணக்கெடுக்கவே மாதங்கள் ஆகும். அந்தக் கணக்கெடுப்பை இந்த ஆண்டே தொடங்கலாம். அதற்குக் குவாண்டம் கணினி தேவையில்லை.