திங்கட்கிழமை வழக்காடிகள்



1994 ஜூலை 18, திங்கட்கிழமை. காலை 9.53 மணிக்கு, அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் அயர்ஸில் அமியா என்ற யூதச் சமூக மையம் குண்டுவெடிப்பில் இடிந்து விழுந்தது. 85 பேர் மாண்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள், வேலைக்குப் பதிவு செய்ய வந்தவர்கள், தெருவோடு போனவர்கள் என்று யூதர்களும் அல்லாதவர்களுமாக இறந்தார்கள். இரண்டாண்டுகளுக்கு முன்புதான் அதே நகரில் இஸ்ரேல் தூதரகம் தகர்க்கப்பட்டிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகும் அரசு விழித்துக்கொள்ளவில்லை.

அடுத்த திங்கட்கிழமையே, உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் நீதிமன்ற மாளிகைக்கு எதிரே உள்ள லவாஷே சதுக்கத்தில் கூடத் தொடங்கினார்கள். ‘மெமோரியா ஆக்டிவா’ என்ற இயக்கம் அங்கே பிறந்தது. குண்டு வெடித்த அதே நேரத்தில் ஷோஃபார் என்னும் ஆட்டுக்கொம்பை ஊதுவார்கள். பிறகு யாராவது பேசுவார்கள். மழையானாலும் வெயிலானாலும் பத்தாண்டுகள் வாராவாரம் இது நடந்தது. காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு 1977 முதல் மே சதுக்கத்தில் வியாழன்தோறும் தாய்மார்கள் சுற்றிவந்த நகரம் அது. நீதிக்காகத் தெருவில் நிற்பது அந்த ஊருக்குப் புதிதல்ல.

உள்ளே வழக்கு எப்படி நடந்தது? விசாரணை நீதிபதி ஹுவான் ஹோசே கலேயானோ, குண்டு நிரப்பிய வேனைக் கைமாற்றியதாகக் கைதாகியிருந்த கார்லோஸ் டெல்லெல்தீனுக்கு உளவுத்துறைப் பணத்திலிருந்து 4,00,000 டாலர் கிடைக்கச் செய்தார். அதை வாங்கிக்கொண்டு அவர் மாகாணப் போலீஸ்காரர்கள் சிலரைக் கைகாட்டினார். அவர்கள் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார்கள். 2004இல் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது.

இந்த இடத்தில்தான் அந்தக் குடும்பங்கள்மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டாகிறது. வீட்டில் பிணம் விழுந்தவர்களுக்கு யாரையாவது கூண்டில் ஏற்றிவிட்டால் போதும் என்றுதான் தோன்றும். அரசும் அதை நம்பித்தான் ஆளைத் தயார் செய்தது. மெமோரியா ஆக்டிவா அந்தப் பொய்யை வாங்கிக்கொள்ள மறுத்தது. 1999இலேயே அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தில் தன் சொந்த அரசின்மீதே முறையிட்டது. 2005இல் அர்ஜென்டினா தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது. 2019இல் கலேயானோவுக்கு ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது; அன்றைய உளவுத்துறைத் தலைவரும் தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கில் குடும்பங்களும் ஒரு தரப்பாக நின்றன.

எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பங்கள் பிரிந்தன, தனித்தனிச் சங்கங்கள் வந்தன. சமூகத் தலைமையோடும் மோதல் இருந்தது. முப்பதாண்டுத் துக்கத்தில் அதை யார் குறை சொல்ல முடியும்?

ஈரானும் ஹெஸ்பொல்லாவும்தான் பின்னணி என்று 2006இல் குற்றம் சாட்டியவர் அரசு வழக்கறிஞர் அல்பெர்த்தோ நிஸ்மன். ஈரான் அதை மறுத்துவருகிறது. அன்றைய அதிபர்மீது தாம் சுமத்திய குற்றச்சாட்டை நாடாளுமன்றத்தில் விளக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், 2015 ஜனவரியில், துப்பாக்கிக் குண்டு பாய்ந்து அவர் தம் வீட்டில் இறந்துகிடந்தார். அதுவும் தீராத வழக்காகிவிட்டது. இறந்தவர்களில் கடைசியாக ஒருவருடைய உடல் மரபணுச் சோதனையில் அடையாளம் காணப்பட்டது 2016இல்தான். 22 ஆண்டுகள்!

2024 ஜூனில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் தன் தீர்ப்பை வெளியிட்டது. தாக்குதலைத் தடுக்கத் தவறியது, ஒழுங்காக விசாரிக்காதது, உண்மையை அறியும் உரிமையைக் குடும்பங்களுக்கு மறுத்தது ஆகியவற்றுக்கு அர்ஜென்டினாவே பொறுப்பு என்றது. குண்டு வைத்த குற்றத்துக்காக இன்றுவரை ஒருவரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

சட்டம் பயிலும் மாணவர்களே, அந்தத் தீர்ப்பை முழுமையாகப் படியுங்கள். நாளை உங்கள் அலுவலகத்துக்கு இப்படி ஒரு தாய் வந்தால், குற்றவாளி யார் என்று கேட்பதோடு நில்லாமல், விசாரித்தவர்கள் என்ன செய்தார்கள் என்றும் அவருக்காகக் கேளுங்கள்.