துண்டு விரிக்கும் முன்னே…



ஆரணியில் தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் முதலில் நிற்பது தறி. அடுத்துப் போவது நகை. கடைசியில் வாசலில் நிற்பவன் வட்டிக்காரன்! ஹராம் என்று தெரிந்தும் அந்த வட்டியை வாங்க வைப்பது எது? நோய் மட்டுமா? நம் அறியாமையும்தான்.

அரசு ஆஸ்பத்திரி மாத்திரை என்றால் முகம் சுளிக்கிறோம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அவற்றை மொத்தமாக வாங்கி, சோதித்த பிறகே அனுப்புகிறது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் கடையில் ஏன் காசைக் கொட்ட வேண்டும்?

பெரிய நோய்க்கு, 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. 2022இல் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும், எல்லா நோய்க்கும் அட்டை செல்லாது. சேர்க்கும் முன்பே கேளுங்கள்!

ஜும்ஆ முடிந்து எத்தனை ஆபரேஷனுக்குத் துண்டு விரித்திருக்கிறோம்! அவர்களில் எத்தனை பேருக்கு அட்டை இருந்தது என்று கேட்டோமா?

இளைஞர்களே! உங்கள் தெருவில் அட்டையில்லாத வீடுகளைக் கணக்கெடுங்கள். வியாபாரிகளே! திருவண்ணாமலை போய்வர ஒருநாள் கூலி போகிறதே என்றுதான் ஏழை தயங்குகிறான். அந்தக் கூலியையும் பஸ் செலவையும் நீங்கள் கொடுங்கள். நோய் வந்தபின் தரும் ஆயிரத்தைவிட அது மேலானது.