புள்ளியியல் படித்தவரின் உயர்வு
(கல்வி ஊக்க விழாவில் ஆற்றிய உரை)

 

அரசுக் கல்லூரியில் புள்ளியியல் இடம் கிடைத்தால், "இதைப் படித்து என்ன பயன்?" என்று கேட்கிறோம். ஒரு கட்டுப் போர்வையில் நான்கைந்தை விரித்துப் பார்த்தே முழுக் கட்டின் தரத்தையும் மதிப்பிடுகிறோம் அல்லவா? அந்த மதிப்பீட்டிற்குரிய கணக்கே புள்ளியியல்.

எஸ். ஆர். சீனிவாச வரதன் 1940-இல் சென்னையில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். அரசுக் கல்லூரியான மாநிலக் கல்லூரியில் 1959-இல் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்தார். தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுப் பணியை எண்ணியே கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். உடன் பயின்றோரின் தூண்டுதலால் நிகழ்தகவு ஆய்வில் இறங்கி, சி. ஆர். ராவ் அவர்களின் வழிகாட்டுதலில் 1963-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரண்ட் நிறுவனம் சென்றவர், அங்கேயே பேராசிரியராகவும் இருமுறை இயக்குநராகவும் உயர்ந்தார்.

அரிதாக நேரும் நிகழ்வுகளின் வாய்ப்பை அளக்கும் அவரது கோட்பாடு காப்பீடு, இயற்பியல் ஆகிய துறைகளில் பயன்படுகிறது. அதற்காகவே 2007-இல் கணிதத்தின் மிக உயரிய விருதுகளுள் ஒன்றான ஏபல் பரிசு அவரை வந்தடைந்தது.

பெற்றோர்களே! வேலையை எண்ணிப் பிள்ளையைச் சேர்ப்பது தவறன்று. அவரும் அவ்வாறே சென்றார். ஆனால் படிக்கும்போது பிள்ளையின் ஆர்வம் வேறு திசையில் சென்றால் தடுக்காதீர்கள். கிடைத்த இடத்தை அற்பமென்று கருதிப் படிப்பையே நிறுத்திவிடாதீர்கள். இது ஆண்மக்களுக்கு மட்டுமல்ல, நம் பெண்மக்களுக்கும் பொருந்தும்.