எந்த நந்தனை வாசிக்கிறோம்?

(சிதம்பரத்தில் நிகழ்த்திய சுவாமி சகஜானந்தர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சகஜானந்தர் பெயரிலான மேடையில் அயோத்திதாசரைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் மூத்த தோழர் ஒருவர், "அவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகாதேப்பா" என்றார். சரிதான். சகஜானந்தர் சைவர். 1916இல் இதே ஊரில் பள்ளி தொடங்கியபோது அதற்கு நந்தனாரின் பெயரையே வைத்தார். அயோத்திதாசர் பௌத்தர். நந்தனைச் சிவனடியாராக ஏற்க அவர் உடன்படவில்லை. ஒத்துப்போகாத இந்த இருவரையும் ஒரே மூச்சில் வாசிக்கிறவர்கள் நாம். அதில் எங்களுக்கு நேர்ந்த சங்கடங்களைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் மாறி மாறி, மாதம் ஒருமுறை கூடி வாசிக்கிறோம். பதினைந்து பேர் வருவார்கள். மழை பிடித்துவிட்டால் ஐந்து பேர். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகள்தான் எங்கள் பாடநூல். முதல் வருடம் நாங்கள் வாசகர்களாக இல்லை, ரசிகர்களாக இருந்தோம். இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. அவரைப் பற்றி ராஜ் கௌதமன் எழுதியதையும் டி. தருமராஜ் எழுதியதையும் வரிவரியாக அடிக்கோடிட்டோம். ஆய்வாளர்களின் நேர்காணல்களை ரயிலில் ஒலிக்கவிட்டபடி திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம்வரை விவாதித்துக்கொண்டே வருவோம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போனதும் உண்டு.

இந்த ரசிக மனம் புதிதல்ல. 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தபோதே தொடங்கிவிட்டது. சென்னை இராயப்பேட்டையில் ஒரு சித்த வைத்தியர் நடத்திய வார இதழுக்குக் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் காத்திருந்தார்கள். ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் இருந்த தமிழர்கள் வாசித்தார்கள். வாசித்ததோடு விடாமல் கேள்வி எழுதி அனுப்பினார்கள். இந்தப் பண்டிகை எப்படி வந்தது, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்தச் சாதிப் பெயர் எங்கிருந்து முளைத்தது என்று அவர்கள் கேட்க, பண்டிதர் இதழிலேயே பதில் எழுதினார். அவருடைய எழுத்தில் கணிசமான பகுதி இப்படி வாசகர் கேட்டதால் பிறந்தது. நூற்றாண்டுக்கு முந்தைய நேர்காணல் என்றே அதைச் சொல்லலாம். 1914இல் அவர் இறந்த பிறகு அவருடைய நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டுக் காப்பாற்றியது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைதான்.

அவர் 'தமிழன்' இதழில் தொடராக எழுதிய 'இந்திரர் தேச சரித்திரம்' இந்தியாவின் வரலாற்றைத் தலைகீழாகப் புரட்டிச் சொல்கிறது. இந்திரர் என்றால் ஐந்து புலன்களை வென்ற புத்தர். இந்த நாடு பௌத்தர்களின் நாடு. பிராமணர் என்பது அறிவாலும் ஒழுக்கத்தாலும் அடையும் நிலை. அதை அடைந்தவர்கள் யதார்த்த பிராமணர்கள். வேடம் போட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் வேஷ பிராமணர்கள். அந்த வேடத்தை ஊர் ஊராக அம்பலப்படுத்தியவர்கள்தாம் பின்னாளில் பறையர் என்று இழிவுபடுத்தப்பட்டார்கள் என்பது அவர் வாதம்.

அந்தச் சரித்திரத்தில் நந்தன் ஓர் அரசன். வேடமிட்டு வந்தவர்களைச் சபையில் நிறுத்தி, நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள் என்று விசாரிக்கிறான். விவாதத்தில் அவர்கள் தோற்கிறார்கள். பிறகு சூழ்ச்சியால் அவனைக் கொல்கிறார்கள். தீயில் இறங்குவதும் இல்லை, பூணூலோடு எழுவதும் இல்லை. நடந்தது கொலை.

இதை முதன்முதலில் வாசித்த மாலையை எங்களால் மறக்க முடியாது. கதாகாலட்சேபத்திலும் சினிமாவிலும் குனிந்து குனிந்து நின்ற நந்தனைத்தான் அதுவரை பார்த்திருந்தோம். நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்கும் நந்தனை அன்றுதான் சந்தித்தோம். தோலில் காசு அடித்த நந்தராசன் கதையை ஒருவர் தன் பாட்டி சொன்னதாக நினைவுகூர்ந்தார். 'நந்தன் படைத்த பண்டம் நாய் பாதி பேய் பாதி' என்ற பழமொழியை இன்னொருவர் எடுத்துப்போட்டார். அன்றைக்கு யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

பண்டிதருக்கு இந்த நந்தன் ஏன் தேவைப்பட்டான்? 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து, சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்கள் மக்களை ஏன் அனுமதிக்கக் கூடாது என்று கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த பிரதிநிதி, உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல என்ற வகையில் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று பண்டிதர் திருப்பிக் கொடுத்தார். பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார். ஆறு வருடம் கழித்து, 1898இல், கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பினார். கோயில் வாசலில் அனுமதி கேட்டு நிற்கும் நந்தன் அவருக்கு இனி உதவமாட்டான். அவருடைய நந்தன் உள்ளே இருக்கிறான். வந்தவர்கள்தாம் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று நண்பர்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். அவர்களுக்குக் கடலூரிலேயே ஒரு பதில் இருக்கிறது. சமணத்தில் தருமசேனராக இருந்த அப்பர் சைவத்துக்குத் திரும்பியதும், பல்லவ மன்னன் பாடலியில் இருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்று சொல்பவர் சேக்கிழார். பெருமையாகவே சொல்கிறார். கி.பி. 458இல் பாடலிகாவில் 'லோகவிபாகம்' என்னும் சமண நூல் எழுதப்பட்டது. அந்தப் பாடலிகா நம் திருப்பாதிரிப்புலியூர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். நாங்கள் ரயில் பிடிக்கிற இடத்துக்குக் கீழே இடிந்துபோன ஒரு வரலாறு கிடக்கிறது. ஆனால் அது சமணருடைய இடிபாடு. பண்டிதர் சமணரையும் பௌத்தராகவே எண்ணிக்கொண்டு போய்விடுகிறார். ரசிகர்களாக இருந்தவரை இந்த வேறுபாட்டை நாங்கள் கவனிக்கக்கூட இல்லை.

நந்தன் கதையை மாற்றி எழுதியவர் பண்டிதர் மட்டுமே என்பதுபோலப் பேசுகிறார்கள். மாற்றாமல் சொன்னவர் யார்? சேக்கிழாரின் ஆதனூர் நந்தனாருக்கு ஆண்டை கிடையாது. சேரிக்குரிய மானிய நிலத்தின் விளைச்சலில் சாப்பிடுகிறார், கோயில்களின் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். 'நாளைப் போவேன்' என்று தள்ளிப்போடுவது தன் பிறப்பை எண்ணி. யாரிடமும் அவர் விடுப்பு கேட்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைதான் அவரைப் பண்ணையாளாக்கி, தலைமேல் ஒரு வேதியரை உட்கார வைத்தது. பெரியபுராணத்தில் இல்லாததை எழுதியிருக்கிறாரே என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார். இன்று சேக்கிழாரின் நந்தனை யாருக்கும் தெரியாது. பாரதியின் நந்தன்தான் 1935இல் கே.பி. சுந்தராம்பாளாகவும் 1942இல் தண்டபாணி தேசிகராகவும் திரையில் வந்தான். அந்தக் கற்பனையை யாரும் கற்பனை என்று சொல்வதில்லை. சாட்சி கேட்பது பண்டிதரிடம் மட்டும்தான்.

ஆனாலும் பாரதியின் நந்தனைத் தூக்கிப் போட முடியாதபடி ஒரு சம்பவம் நடந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு சேரியின் சமுதாயக் கூடத்தில் வாசிப்பு வைத்திருந்தோம். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தால் சிதம்பரம் போகலாம் என்று வேதியர் நிபந்தனை போடுவதும், ஒரே இரவில் கடவுள் அருளால் நிலம் விளைந்து நிற்பதும் வருகிற இடம். மாணவர் ஒருவர் வேலியை ஏக்கராக மாற்றி, இருநூற்று அறுபதுக்கு மேல் வரும் என்றார். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், நடவாளாகவே வாழ்ந்தவர், சிரித்துவிட்டார். "ராத்திரியோட ராத்திரியா சாமி நட்டுச்சாமா? அப்ப எங்க ஆத்தா நட்டது எந்தக் கணக்குல?"

எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. இங்கே பண்டிதரும் துணைக்கு வரவில்லை. அவருடைய நந்தன் அரசன். அரசனின் வயலில் நாற்று நட்டவர்கள் யார் என்று அவர் எழுதவில்லை. புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதினார், இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' எழுதினார். அந்த அம்மாவின் ஆத்தா இன்னும் எந்த நந்தன் கதைக்குள்ளும் வந்து சேரவில்லை என்றே நினைக்கிறோம்.

அடுத்தது இன்னும் கசப்பானது. எங்கள் வட்டத்துப் பையன்கள் பண்டிதரிடமிருந்து எடுத்துக்கொண்டது அரசன் என்ற ஒரு சொல்லை மட்டும்தான். பதாகையில் கிரீடம் வைத்த நந்தன். ஏன் என்று கேட்டோம். "அண்ணே, ஊர்ல அத்தனை பேரும் ஆண்ட பரம்பரைன்னு போர்டு வைக்கிறான். நாங்க மட்டும் என்ன வைக்கிறது?" என்றார் ஒருவர். அந்தக் கோபத்தின் நியாயம் எங்களுக்குப் புரிகிறது. திருவிழாவுக்குத் திருவிழா அந்தப் போர்டுக்குக் கீழே அடி வாங்குகிறவர் அவர்தான். ஆனால் பண்டிதரின் நந்தன் செய்த காரியம், வந்தவனை யார் நீ என்று கேட்டது. அவனுடைய கிரீடத்தைப் பற்றிப் பண்டிதருக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. பையன்கள் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டார்கள். நாங்களும் விட்டிருந்தோம்.

அந்தக் கேள்வியைப் பண்டிதரின் புத்தகத்திடமே கேட்டால் என்ன ஆகும்? போன வருடம் கடலூர்க் கூட்டத்தில் அது நடந்தது. அருந்ததியர் சமூகத்து மாணவர் ஒருவர் தொகுதியைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் வேறு என்று பண்டிதர் பிரிக்கிற இடம். பூர்வ பௌத்தர்களை முதல் வகையில் வைத்துவிட்டு, சக்கிலியர், தோட்டி, குறவர், வில்லியர் ஆகியோரை இரண்டாவதில் தள்ளுகிறார். இவர்களோடு எங்களைச் சேர்த்து எண்ணாதீர்கள் என்பது அவர் அரசாங்கத்துக்கு வைத்த கோரிக்கை. "இது உங்க சரித்திரம்னா, நாங்க எங்க நிக்கிறது தோழர்?" என்று கேட்டார் அந்த மாணவர்.

அது அந்தக் காலத்துக் குறைபாடு என்று ஒருவர் சமாதானம் சொன்னார். அந்தக் காலத்தைத்தானே அவர் தலைகீழாகப் புரட்டினார்? எல்லாவற்றையும் புரட்டியவர் இதை மட்டும் ஏன் விட்டார்? மலம் அள்ளுகிறவரின் தாழ்வு இயல்பு என்றால் வேஷ பிராமணர் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. அதன்மீது நம் அமைப்புகளுக்குள்ளேயே நடந்த சண்டையை இந்த அரங்கில் இருக்கிற எல்லோரும் அறிவீர்கள். ஆகையால் அந்தப் பக்கத்தைப் பழைய பக்கம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலை அண்ணல் அம்பேத்கர் நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர் என்னும் மூவரின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். மூவரும் பக்தர்கள். சமர்ப்பணத்தில் பக்தன் நந்தன். உள்ளே, தீண்டாமைக்கு ஆளானவர்கள் முன்னாள் பௌத்தர்கள் என்ற கருதுகோள். சகஜானந்தரும் அயோத்திதாசரும் ஒரே அட்டைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல எங்களுக்குத் தோன்றுவதுண்டு. அந்த நூலின் முன்னுரையில் அவர் மறைக்காமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: சங்கிலியில் கண்ணிகள் தொலைந்திருக்கின்றன, அந்த இடங்களை ஊகத்தால் நிரப்பியிருக்கிறேன். ஊகம் சரியா என்று சோதித்துப் பார்க்கும் வேலை வாசகருடையது. மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யில் மாவலியை வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட உழவர்களின் அரசனாக்கி எழுதினார். அங்கேயும் அரசன், அங்கேயும் வஞ்சகம். ஆனால் புலே அந்த நூலைக் கேள்வியும் பதிலுமான உரையாடலாக எழுதினார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சகஜானந்தருக்கு வருவோம். ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து இங்கே வந்தவர், 1959இல் இறக்கும்வரை இந்த ஊரோடும் சட்டமன்றத்தோடும் மல்லுக்கட்டியவர். அடியார் நந்தனாரின் பெயரைச் சொன்னால் சைவப் பெரியவர்களால் மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டாரா, மனதார நம்பினாரா என்று எங்கள் கூட்டத்தில் வாரக்கணக்கில் வாதம் நடந்தது. இரண்டும்தான் என்பது எங்கள் கட்சி. அந்தப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். நந்தன் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வாசல் பக்கச் சுவரை அகற்றக் கோரித் தெருவுக்கு வந்தவர்களும் இருக்கிறீர்கள். நந்தன் அரசனா அடியாரா என்று தீர்ப்பு வந்த பிறகு நடந்த போராட்டம் இல்லை அது.

அடுத்த மாதக் கூட்டம் கடலூர் முதுநகரில். அந்த மாணவர் காட்டிய பக்கத்தைத்தான் வாசிக்கப்போகிறோம். முன்னுரை சொல்லவும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். காட்டுமன்னார்கோயில் அம்மாவையும் அழைத்திருக்கிறோம். நடவு முடிந்திருந்தால் வருகிறேன் என்றிருக்கிறார். தொகுதி மூன்று பிரதிகள்தாம் இருக்கின்றன. வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.

ஜெய்பீம்.