பொட்டலம் போதாது, சீட்டு வேண்டும்
(தாராவியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுப் பிரச்சினை, தண்ணீர்ப் பிரச்சினை என்று பேசிப் பழகிய மேடையில் இன்றைக்கு டாக்டரைப் பற்றிப் பேச நிற்கிறேன். இது அரசியல் இல்லையே என்று சிலர் முகம் சுளிக்கலாம். கூலிக்காரன் காய்ச்சலில் நாலு நாள் படுத்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அது அரசியல் இல்லாமல் வேறென்ன?

2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே குடியிருந்தோம் என்று காட்ட ரேஷன் கார்டையும் லைட் பில்லையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம். நம் உடம்புக்கு என்ன காகிதம் வைத்திருக்கிறோம்? பத்து வருடமாக ஒரே தவாக்கானாவுக்குப் போகிறவரைக் கேட்டுப் பாருங்கள். என்ன நோய்? "காய்ச்சல்." என்ன மருந்து? "சிவப்பு ரெண்டு, வெள்ளை ஒண்ணு, ஒரு ஊசி." அவ்வளவுதான் அவருடைய மருத்துவ வரலாறு.

இந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். டாக்டர் தாமே மருந்து கொடுப்பதில் குற்றமில்லை. நடுராத்திரியிலும் கதவைத் திறந்து, பாதிக் காசு வாங்கிக்கொண்டு பார்க்கிற நல்லவர்கள் நம் சந்துகளில் இருக்கிறார்கள். ஆனால் பெயர் இல்லாத மாத்திரை ஆபத்தானது. அது ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே முதல் கேள்வி "என்ன சாப்பிட்டார்?" என்பதுதான். பதில் சொல்ல நம்மிடம் வெறும் காகித மடிப்புத்தான் இருக்கும்.

2002-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் டாக்டர்களுக்கு நடத்தை விதிகள் வகுத்தது. கவுன்சில் போய் 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது, விதிகள் நிற்கின்றன. டாக்டர் தம் பதிவு எண்ணை மருத்துவ அறையிலும், எழுதும் சீட்டிலும், ரசீதிலும் காட்ட வேண்டும். கட்டணத்தை எழுதித் தொங்கவிட வேண்டும். தாமே மருந்து கொடுத்தால் அதையும் சீட்டில் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இவையெல்லாம் அலோபதி டாக்டர்களுக்கான விதிகள். ஆகவே, பலகையில் இருக்கிற பட்டம் எந்த வைத்தியத்துக்கு உரியது என்று முதலில் படித்துப் பாருங்கள். பதிவு எண்ணே இல்லாவிட்டால் படியேறாதீர்கள்.

நான் ரயில்வே குமாஸ்தா. பார்சல் தொலைந்துவிட்டது என்று வருகிறவரிடம் நாங்கள் கேட்பது ரசீதை. வழக்கு மன்றமும் அப்படித்தான். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ல் வந்த புதிய சட்டப்படி, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் சீட்டும் ரசீதும் இல்லாமல் எதைக் காட்டி வழக்காடுவது?

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஊசி போடாத டாக்டரை நாம் டாக்டராகவே மதிப்பதில்லை. அசதியாக இருக்கிறது, ஒரு பாட்டில் ஏற்றுங்கள் என்று நாமே கேட்கிறோம். அரை லிட்டர் சலைன் பாட்டிலில் இருப்பது தண்ணீரும் நாலரை கிராம் உப்பும். வாந்தி பேதியில் வற்றிப்போன உடம்புக்கு அது உயிர் கொடுக்கும். வேலை செய்து களைத்தவனுக்குத் தெம்பு தராது. ஒரே ஊசியில் மூட்டுவலி பறந்தது என்கிறோம். அது ஸ்டிராய்டாக இருந்தால் வலியை அமுக்கி வைக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும். என்ன ஊசி, எதற்கு என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. குடிப்பதை மறைக்காதீர்கள். ஊரிலிருந்து வந்த சூரணத்தையும் லேகியத்தையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

காசநோய் விஷயத்தில் நாம் படுகிற பாடு பெரியது. காற்றில்லாத கோலியில் ஏழெட்டுப் பேர் படுக்கிறோம். ஒருவர் இருமினால் எல்லோருக்கும் பங்கு. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. அரசாங்கத்தில் இலவசம். சத்துணவுக்கென்று 2018-ல் மாதம் 500 ரூபாய் என்று தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். இரண்டாம் மாதம் இருமல் நின்றுவிடுகிறது. மூன்றாம் மாதம் ஊரில் கொடை வருகிறது. வண்டியேறிவிடுகிறோம், மாத்திரையை விட்டுவிடுகிறோம். திரும்பி வரும்போது பழைய மருந்துக்கு அடங்காத நோயோடு வருகிறோம். பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கிறோம். ஊருக்குப் போகத்தான் வேண்டும், யார் வேண்டாம் என்றது? போகுமுன் மருந்து தரும் மையத்தில் சொன்னால், ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ள மாற்றிக் கொடுப்பார்கள். சீட்டு கையில் இருந்தால் திருநெல்வேலி டாக்டருக்கும் வேலை சுலபம்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் ஏதாவது நடந்துவிட்டால் கூட்டமாகப் போய்க் கண்ணாடியை உடைப்பது வீரம் அல்ல. 2010-ம் வருட மகாராஷ்டிரச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை. அடிபடுகிறவரும் பெரும்பாலும் நம்மைப் போலச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற இளம் டாக்டர் அல்லது வார்டுபாய்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. இந்தி வராது, மராத்தி வராது என்று பத்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். அவன் மூலமாக உதிரப்போக்கை எப்படிச் சொல்வீர்கள்? சொல்வதில்லை. "வயித்து வலி" என்று முடித்துக்கொள்கிறீர்கள். டாக்டரும் வயிற்றுவலிக்கு மாத்திரை கொடுக்கிறார். உள்ளே இருக்கிற நோய் வளர்கிறது. 2018-ல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், நோயைப் பற்றிய விவரத்தை நமக்குப் புரிகிற மொழியில் கேட்கும் உரிமை இருக்கிறது. ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் கூட இருக்கலாம் என்றும் இருக்கிறது. சாசனம் தானாக எழுந்து வந்து மொழிபெயர்க்காது. நமக்குள் இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசுகிற பெண்கள், இங்கேயே பிறந்து படித்தவர்கள், எத்தனை பேர் இருக்கிறீர்கள்! வாரத்தில் அரை நாள் கூடப் போய்வர ஆறு பேர் வேண்டும். கேட்டதை வெளியில் பேசாதவர்களாக இருக்க வேண்டும். வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம். பெயரும் எந்தக் கிழமை முடியும் என்பதும் எழுதிவிட்டுப் போங்கள்.